உட்கார்தல்

பெத்தேலில் மூன்று நாளாய்ப் பனிமூட்டம்.
அலாஸ்காவின் இந்த மூலையில்
விமானம் எழாவிட்டால் எதுவும் எழாது.
தபால் கொட்டகையில் நெஞ்சுயரம் ஏறிவிட்டது
ஆற்றோர ஊர்களுக்குப் போகவேண்டிய சரக்கு:
டயப்பர், நாய்த்தீனி, படகு எஞ்சினுக்கு ஒரு பல்சக்கரம்,
பிறந்தநாளைத் தவறவிட்ட கேக்மாவு.

வென்டல் பெட்டிகளைத் தரையில் பரப்புகிறான்,
நடுவில் ஒரு நாயின் அகலம் விட்டு.
நிக்கல் வருகிறாள்.
குரைக்கமாட்டாள், பிறாண்டமாட்டாள்.
அவளுக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று:
உட்கார்தல்.

அதற்கு முன் எங்கள் கண்ணுக்குப் படுவதெல்லாம் சில்லறை.
அனுப்புநர் முகவரியில் இல்லாத தெரு.
ரொக்கமாய்க் கட்டிய தபால் செலவு.
ஓரங்களில் மூன்று சுற்று டேப்.
ஷாம்பு என்று எழுதியிருக்கும்;
பிரிக்காமலே ஒரு ராத்திரி
வெளிக்கொட்டகையில் வைப்போம்.
மைனஸ் இருபதில் ஷாம்பு கல்லாகிவிடும்.
காலையில் தூக்கும்போது
எது இன்னும் தளும்புகிறதோ அது ஷாம்பு இல்லை.

இது எந்தக் கையேட்டிலும் கிடையாது.
என் தம்பி எவானிடம் கற்றது.
மது வேண்டாமென்று வாக்களித்த ஊர் எங்களுடையது,
அவனும் வேண்டாமென்றுதான் கைதூக்கினான்,
உயரமாக.

நேற்று நிக்கல் உட்கார்ந்தாள்,
நுனாப்பக் போகிற பெட்டியின் முன்.
பெறுநர்: நஸ்தாசியா வஸீலி.
அனுப்புநர்: ஆங்கரேஜில் ஒரு தங்கும் விடுதி.

நாய் உட்கார்ந்தால் மட்டும் போதாது.
ஒட்டியிருக்கும்வரை அது அவளுடையது,
நீதிபதி கையெழுத்துப் போடவேண்டும்.
எழுதினேன்: பெட்டி, பழுப்பு, நாலு கிலோ.
நாய், பயிற்சி பெற்றது, வயது ஆறு.
நீதிபதி மகளின் கூடைப்பந்து ஆட்டத்தில் இருந்தார்.
பெட்டி கம்பிக்கூண்டுக்குள்
விளக்கெரிய விடிய விடியக் கிடந்தது.

காலையில் நான் வெட்ட, வென்டல் படமெடுத்தான்.
ஒரு கம்பளிச்சட்டை.
அதனடியில் இன்னொன்று.
குதிகால் ஒரு பக்கமாய்த் தேய்ந்த பூட்ஸ்.
பிளாஸ்டிக் பையில் ஒரு கைக்கடிகாரம், பைமேல் எண்.
விடுதிக்காரியின் துண்டுச்சீட்டு:
"அறையில் இருந்தது இவ்வளவுதான்.
சட்டைகளைத் துவைக்கவில்லை.
துவைத்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று தோன்றியது."

பைகளைத் திருப்பினோம். தையலைத் தடவினோம்.
கஞ்சாவின் தூசிகூட இல்லை,
மணம் மட்டும்.

நிக்கல் பொய் சொல்லவில்லை.
இருந்தது, இருக்கிறது என்று
இரண்டு வினை அவளிடம் இல்லை.
மூக்குக்கு இறந்தகாலம் கிடையாது.
இந்தச் சட்டையை முகத்தில் வைத்துக்கொள்ளப்போகிற
நஸ்தாசியாவுக்கும் கிடையாது.
உட்கார்ந்ததற்குக் கூலியாக
நேற்றே பந்தைக் கொடுத்தாயிற்று,
இனி எப்படித் திருப்பி வாங்குவது?

மடித்தேன்.
அந்த விடுதிக்காரி கைகளை உள்ளே மடக்கி
தூங்குகிறவனைப் போல வைத்திருந்தாள்.
எனக்கு வந்தது சலவைக்கடை மடிப்பு.
பிரித்து மறுபடி மடித்தேன். மறுபடியும் சலவைக்கடை.
'அலுவல்முறையில் பிரிக்கப்பட்டது' என்று
சீட்டு ஒட்டவேண்டும், ஒட்டினேன்.
தேதிக்குக் கட்டம் உண்டு, எண்ணுக்கு உண்டு,
வேறெதற்கும் அதில் இடமில்லை.

ஆற்றுக்காற்றில் வாய் பிளந்துவிடக் கூடாதே என்று
ஓரங்களில் டேப் ஓட்டினேன், ஒரு சுற்று,
இரண்டு,
மூன்று.
வென்டல் பார்த்துக்கொண்டிருந்தான்.
"இதை நானே நிறுத்திவைப்பேன்" என்றான்.

மதியத்துக்குமேல் ஓடுபாதையின் அந்தக் கோடி தெரிந்தது.
விமானி காபியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தான்.
பெட்டியை நானே சுமந்துபோனேன்,
நிக்கல் படுத்திருந்த பக்கம் போகாமல்
கொட்டகையைச் சுற்றிக்கொண்டு.