மூன்றாவது மேசை

நூற்றுக்கு மேல் கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்:
எப்போதும், அடிக்கடி, சில வேளை,
அரிதாக, ஒருபோதும் இல்லை.

சட்டைக் கழுத்துப்பட்டியில் தைத்த துணி அவரை உறுத்துகிறதா?
நகம் வெட்டும்போது கையை இழுத்துக்கொள்கிறாரா?

யுகேந்திரனை 'அவர்' என்று சொன்ன
முதல் காகிதம் அதுதான்.
அவனுக்கு இருபத்தாறு வயது.

பிடோக் வீட்டில், சாப்பாட்டு மேசையின் இரு பக்கமும்
நானும் சரோஜினியும்.
ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு படிவம்.
மிக்சி ஓடினால் காதைப் பொத்துகிறாரா?
அவள் 'எப்போதும்'. நான் 'ஒருபோதும் இல்லை'.
நான் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான்
எங்கள் வீட்டில் சட்னி அரைபடுகிறது
என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

சாங்கியில் விமானச் சரக்குக் கொட்டகையில் வேலை.
காதுக்கவசம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.
அவனுக்கும் ஒன்று வாங்கி மாட்டி
கீழே உணவங்காடிக்குக் கூட்டிப்போன நாளில்
கவசத்தோடேயே நெற்றியில் அடித்துக்கொண்டான்.
தட்டுகள் பறந்தன.
கோப்பிக் கடைக்காரர் 'பரவாயில்லை லா' என்றார்,
சட்டையைத் துடைத்தபடி.

அதோடு விட்டோம். ஆறு வருஷம்.
பொட்டலம் கட்டி, மின்தூக்கியில் ஏற்றி,
ஆறிப்போன பரோட்டா தின்றோம்.

ஹஸ்லினா இரண்டு படிவங்களையும் படித்தாள்.
யார் சொல்வது சரி என்று கேட்கவில்லை.
'நாளை பத்து மணிக்கு அங்கேயே போவோம்' என்றாள்.

முதல் மேசை: பதினோரு நொடி. எழுந்துவிட்டான்.
இரண்டாவது: அதற்கும் குறைவு.
கவசத்தைக் கழற்றச் சொன்னாள்.
சரோஜினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.
வோக் சட்டியின் சத்தம், பனிக்கட்டி கொட்டும் சத்தம்,
கடையில் எண்ணைக் கூவும் சத்தம்,
எதற்கும் அவன் திரும்பவில்லை.
மேசையைப் பார்த்தான். மேசையை மட்டும்.

அவன் கண் உயரத்துக்கு அவள் குனிந்தாள்.
பிறகு என்னையும் குனியச் சொன்னாள்.

மேலே விளக்கு.
விளக்குக்குக் கீழே காற்றாடி.
வெள்ளை மேசைமேல் நிழல்
வெட்டு வெட்டு வெட்டு என்று
தட்டின்மேல், கையின்மேல்,
ஓயாமல்.

மூன்றாவது மேசை தூணோரம்.
உட்கார்ந்தான்.
பரோட்டாவைப் பிய்த்தான், ஊதினான், தின்றான்.
பத்து நிமிடம் தாண்டியதும்
ஹஸ்லினா கடிகாரத்தைப் பைக்குள் போட்டாள்.

சரோஜினி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை,
கோபம் வந்தது.
காற்றாடியிடம் கோபித்து என்ன செய்ய?
ஆறு வருஷம்.
இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கலாம்.

'இது ஒரு காரணம்தான், இன்னும் இருக்கலாம்'
என்று சொல்லிக்கொண்டே அவள் எழுதினாள்.
யுகேந்திரன் குழம்புக் கையை
என் சட்டையில் துடைத்தான்.

கையில் ஏதாவது ஒட்டினால் உடனே துடைக்கிறாரா?
அந்தக் கேள்விக்கு நான் போட்ட கட்டம்
நினைவிருந்தது.
ஹஸ்லினாவிடம் பேனாவைக் கேட்டேன்.