முழுக்க ஒடி

வண்டிக்கு அடியில் விரித்த டி.வி. பெட்டி அட்டையில்
விடிந்து பார்த்தால் ஆறு சொட்டு.
நேற்று நான்கு.
சிவப்பு என்று சொல்ல முடியாது.
திறந்தே கிடந்த நன்னாரி சர்பத்தின் நிறம்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் குவாலிஸ்.
பகல் எனக்கு: ஆஸ்டின் டவுன் பிள்ளைகள் ஒன்பது பேர்.
இரவு எமல்டாவுக்கு: ஒயிட்ஃபீல்டு கம்பெனி ஆட்கள்.
கடன் பாதிப் பாதி. சாவி மீட்டர் பெட்டிமேல்.
மற்றதெல்லாம் டாஷ்போர்டு நோட்டில் எழுதிக்கொள்வோம்,
ஏ.சி. போட்டால் எத்தனை நிமிஷம் என்பது வரை.

"கடைசிவரை ஒடித்து அப்படியே பிடித்துக்கொண்டு நிற்காதே,
ஹோஸ் அதனால்தான் போகிறது" என்று நான்.
"பிளாட்பாரக் கல்மேல் ஏற்றுவது யார்?" என்று அவள்.
இருபது நாள் இப்படி.
ஆளுக்கொரு ஆயில் பாட்டில், ஆளுக்கொரு பில்.

செவ்வாய்க்கிழமை ரிச்மண்ட் சர்க்கிளில்
ஸ்டியரிங் ஆட்டுக்கல்லாகிவிட்டது.
இரண்டு கையாலும் இழுத்தேன்.
பானெட்டுக்குள் பம்ப் முனகியது.
பின்சீட்டு லிகித், ஒண்ணாங் கிளாஸ்,
"ஆன்ட்டி, காடி அள்தா இதே" என்றான்.
அழவில்லைடா, பசி என்றேன்.
பொய் இல்லை. டப்பாவில் எண்ணெய் அடிமட்டத்தில்.

இரண்டாம் சனிக்கிழமை. அவளுக்கும் லீவு.
எஞ்சினைக் கழுவித் துடைத்து
குழாய் நெடுக முகப்பவுடர் தூவினாள் எமல்டா,
கல்யாணத்துக்குக் கிளப்புகிற மாதிரி.
ஸ்டார்ட் பண்ணி ஒடித்தேன்.
பவுடரில் ஈரம் ஒரு கோடாக நடந்தது.
சொட்டும் இடத்துக்கு ஒன்றரை அடி மேலே,
இரும்பு ரப்பரைக் கவ்விப் பிடிக்கும் கழுத்தில் கசிவு.
அங்கிருந்து குழாயோடு ஊர்ந்து, சட்டத்தைச் சுற்றி,
என் சீட்டுக்கு நேர் கீழே வந்து சொட்டியிருக்கிறது
இத்தனை நாளும்.
எண்ணெய் திரும்பி வரும் ஹோஸில் இன்னொன்று:
கிளிப் துருவேறி, ரப்பர் கருவாடாகி.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் ஸ்பேனரைத் தேடினேன்.

ஜே.சி. ரோடு சந்தில் நயாஸ் பாய்
இரும்பு முனைகளை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டு
புது ஹோஸை பிரஸ்ஸில் கொடுத்து நசுக்கினார்.
"உள்ளே கம்பிவலை ரெண்டு சுத்து.
ஒரு சுத்து போதும்னா முந்நூறு கம்மி."
"ரெண்டு" என்றோம், ஒரே நேரத்தில்.
செம்பு வாஷர்களை எமல்டா
கம்மல் மாதிரி காதில் வைத்துக் காட்டினாள்.
சிரிக்கக் கூடாது என்றிருந்தேன்.

முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி
எஞ்சின் போடாமல் காற்று எடுக்க வேண்டும்.
அதற்கு இரண்டு பேர் வேண்டும், வேறு வழியில்லை.
அவள் உள்ளே. நான் டப்பாவில் கண் வைத்து.
"ஒடி."
"எந்தப் பக்கம்?"
"முதல்ல இஸ்திரி வண்டிப் பக்கம். முழுக்க. ம், இப்ப இந்தப் பக்கம்."
கோலி சோடாவாகப் பொங்கியது.
"இன்னொரு தடவை."
கொதி அடங்கும் உலையாயிற்று.
"எத்தனை ஆச்சு?"
"எண்ணல. ஒடி."
கை வலிக்குது என்றாள்.
எனக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றேன்.
அந்த இருபது நாளில்
வாயால் பேசியது இவ்வளவுதான்.
கடைசியில் ஒரு குமிழி, கடுகளவு,
விளிம்புக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தது.

எஞ்சின் போட்டதும் ஒற்றை விரலுக்குச் சுழன்றது ஸ்டியரிங்.
அவள் ஒருமுறை, நான் ஒருமுறை.
அப்புறம் காரணமே இல்லாமல் அவள் இன்னொரு முறை.

திங்கட்கிழமை விடிகாலை, புது அட்டை.
இடது பக்கமாக ஒரு சொட்டு.
பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டு
"5.10. இது பழசு, பயப்படாதே" என்று எழுதியிருந்தாள்.
குனிந்து தொட்டேன். முகர்ந்தேன்.
தண்ணீர்.

நோட்டைப் புரட்டினேன்.
டீசல் கால் டேங்க் என்றிருந்தது.
ஏ.சி. பற்றி ஒரு வரி இல்லை.