குறிப்புக் கோப்பு

டோர்ஸ்ஹவுனில் மூன்றாவது நாளாக மூடுபனி.
மீன் ஆய்வகத்தின் பின்னறையில்
நானும் ஒரு கணினியும்.
நார்வேயின் எண்ணெய்க் கம்பெனி ஒன்று
இனி வேண்டாமென்று கொடுத்தது.
செய்தவர்கள் திவாலாகி நான்கு வருடம்.
அதில் ஓடும் யூனிக்ஸின் பெயரைச் சொன்னால்
கோபன்ஹேகனில் போன் எடுப்பவர்
எழுத்துக்கூட்டச் சொல்கிறார்,
பிறகு, அப்படி ஒன்று இருக்கிறதா என்கிறார்.

இருக்கிறது. உறுமுகிறது.
அதன் முதுகில் என் கையுறைகள் காய்கின்றன.

டூரிட்டாவுக்கு அவசரம்.
காட் மீனின் காதுக்குள் இருக்கும் கல்லைக்
குறுக்கே அறுத்து, வளையம் எண்ணி, வயது சொல்கிறவள்.
பதினோராயிரம் மீன்களின் வயது நாடாவில் இருக்கிறது;
அதைப் படிக்க ஒரு நிரல் இருக்கிறது;
நிரலைப் படிக்கும் இன்டர்பிரட்டர்தான் இல்லை.

கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் முதலில் கேட்டது:
இது என்ன ஊர்?
தனக்குத் தெரிந்த அறுபது யூனிக்ஸ்களின் குறிப்புக் கோப்புகளைப்
புரட்டிப் பார்த்து, எதிலும் நாங்கள் இல்லை என்றது.
சரி, ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்கிறேன் என்று
உட்கார்ந்துகொண்டது.

எண்ணுக்கு எத்தனை பைட்.
எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவாய்.
பூஜ்யத்தால் வகுத்தால் செத்துவிடுவாயா.
ஒவ்வொரு கேள்விக்கும் அதுவே ஒரு பதிலை
அடைப்புக்குறிக்குள் வைத்து நீட்டும்,
காபியா டீயா என்று கேட்டுவிட்டுக்
காபியை ஊற்றத் தொடங்குகிறவர்களைப் போல.
என்டரைத் தட்டினேன். தட்டினேன்.

சில கேள்விகளுக்கு அது என்னை நம்பாது.
ஏழு வரியில் ஒரு நிரல் எழுதும்,
கம்பைல் செய்யும், ஓட்டும்,
அது ஆம் என்று ஒரு சொல் சொல்லும்,
உடனே அழித்துவிடும்.
அந்த ஒரு மாலையில் முந்நூறு பேர்
ஒரு சொல்லுக்காகப் பிறந்து போனார்கள்.
நான் வருத்தப்படவில்லை. சாண்ட்விச் சாப்பிட்டேன்.

பிறகு வருகைப் பதிவு.
நூலகத்தைத் திறந்து பெயர் பெயராகக் கூப்பிட்டது.
நேரம் சொல்பவன்? உள்ளேன் ஐயா.
தன்னையே இன்னொன்றாய்ப் பெறுபவள்? உள்ளேன் ஐயா.
கோப்புக்குப் பூட்டுப் போடுபவன்?
உள்ளேன் ஐயா.
குரல் எந்த பெஞ்சிலிருந்து வந்தது என்று
அதுவும் நிமிர்ந்து பார்க்கவில்லை, நானும்.

வெள்ளிக்கிழமை டூரிட்டா சிரித்துக்கொண்டே வந்தாள்,
கையில் ஒரு தாள்.
சாண்டோய்க்குக் கிழக்கே பிடித்த ஒரு மீனுக்கு
வயது எழுபத்து மூன்று.
பென்ஷன் யார் தருவது என்றாள்.

இரண்டு நிரல்கள் ஒரே கோப்பில்
ஒரே நேரத்தில் எழுதியிருக்கின்றன:
ஒன்றின் ஏழுக்குப் பின்னால் மற்றதன் மூன்று.
பூட்டுப் போடுபவனைத் தனியே அழைத்துப் பார்த்தேன்.
உள்ளே மூன்றே கட்டளை:
வா. சரி என்று சொல். போ.
பூட்டு இல்லை, சாவி இல்லை, கதவே இல்லை.
யாரோ ஒரு பொறியாளர், சந்தைக்கு அனுப்பும் அவசரத்தில்,
பெயரை மட்டும் உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
முடியாது என்று சொல்லும்படி எழுதியிருந்தால்கூட
அன்றே தெரிந்திருக்கும்.

இரவு வீட்டுக்கு நடந்தேன்.
கீழ்த்தளத்துத் தபால் பெட்டியில்
என் பெயருக்கு மேல் ரோக்வியின் பெயர்.
பிப்ரவரியில் போனவன். இது அக்டோபர்.
படகுச் சங்கத்தின் சந்தா நினைவூட்டலைத்
தபால்காரர் நம்பிக்கையோடு போட்டுவிட்டுப் போகிறார்.
பெட்டி ஒவ்வொரு முறையும் சரி என்கிறது.

ஸ்க்ரூ டிரைவர் ஆய்வகத்தில் இருந்தது.

சனிக்கிழமை எங்கள் யூனிக்ஸின் பெயரில்
அறுபத்தோராவது குறிப்புக் கோப்பைத் திறந்தேன்.
பூட்டு: இல்லை.
அதற்கடியில், ஸ்கிரிப்ட் படிக்காமல் தாண்டும்
மனிதருக்கான வரி:
நூலகம் உண்டு என்று சொல்லும்.
அழைத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.
இதே கணினியோடு இன்னொருவர்
எங்காவது உட்கார்ந்திருக்கிறாரா, தெரியாது.
இருந்தால் அவருக்கும் குளிராகத்தான் இருக்கும்.

ஸ்கிரிப்டை முதலிலிருந்து ஓட்டினேன்.
இது என்ன ஊர் என்று
இந்த முறை அது கேட்கவில்லை.

மேக் முடிய மூன்று மணி நேரம் இருந்தது.
ஸ்க்ரூ டிரைவரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
இறங்கினேன்.
பாதி வழியில் மழை.
கையுறைகள் கணினியின் மேலேயே.