பத்து எண்ணும் வரை

தீர்த்தகிரிக்கு இரண்டு அழுத்து போதும்.
தர்மபுரிக் கூட்டு மண்டியில் ஏலம் முடிந்து
தராசைத் துடைக்கையில்
நெஞ்சுக்குள் பூனை கத்தத் தொடங்கும்.
சட்டைப் பையிலிருந்து நீலக் குழலை எடுப்பான்.
உஸ். உஸ்.
டீ ஆறுவதற்குள்
யாரோடாவது விலைக்குச் சண்டை போடக் கிளம்பிவிடுவான்.

எனக்கும் அதே குழல்.
அதே கடை, அதே சீட்டு.
பட்டுக்கூட்டின் பஞ்சுத் தூசும்
உடைத்து வெளிவந்த பூச்சியின் சிறகு மாவும்
அக்கா தம்பி பார்ப்பதில்லை.
உஸ். உஸ்.
பிறகு நான்கு. பிறகு எண்ணவில்லை.
கை நடுங்கியது, இதயம் குதித்து ஓடியது,
மூச்சு மட்டும்
தொப்பூர் மேட்டில் திணறும் கல் லாரி.

"நீ சரியா இழுக்கல, மாதேஸ்வரி" என்றார் நர்ஸ்.
கண்ணாடி முன்னால் பழகினேன்.
குலுக்கி, உள்ளிருப்பதை முழுக்க விட்டு,
உதட்டை இறுக்கி, மெல்ல இழுத்து,
பத்து வரை எண்ணி.
ஒன்பதில் இருமினால் மறுபடி முதலிலிருந்து.
"இழுக்கிறது சரிதான், மனசுலதான் பயம்"
என்றார் அடுத்த வருடத்து நர்ஸ்.
"கூடு நிறைய வர்ற நாள்ல மட்டும் எப்படிடி வருது?"
என்றார் வீட்டுக்காரர்.
கூடு நிறைய வருவதால்தான் என்று சொல்ல
அப்போது என்னிடம் மூச்சு இல்லை.

மெடிக்கல் காலேஜில் ஏதோ ஆய்வென்று
எங்கள் இருவரிடமும் ரத்தம் கேட்டார்கள்.
பஸ் செலவுக்கு இருநூறு ரூபாய்.
அதற்காகத்தான் போனேன், மறைப்பானேன்.

ஐந்து மாதம் கழித்து டாக்டர் ரெஜினா சொன்னார்:
"மூச்சுக்குழாயில் மருந்து போய் உட்கார
ஓர் இடம் இருக்கிறது.
அதை எப்படிக் கட்டுவது என்று
உடம்புக்குள் எழுதியிருக்கும் வரியில்
உங்கள் தம்பிக்கு ஓர் எழுத்து,
உங்களுக்கு வேறு."
"அதனாலயா?"
"அதனாலயும் இருக்கலாம்.
முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது."

பதினோரு வருடத்தில்
என்னிடம் ஒருவர் 'இருக்கலாம்' என்றது
அன்றுதான்.

"அந்த எழுத்தை அப்பா உனக்கு மட்டும் எழுதி வச்சாரா?
பங்கு கேட்டு கேஸ் போடுறேன்"
என்று பஸ்ஸில் சிரித்தான் தீர்த்தகிரி.
நான் சிரிக்கவில்லை.
கூடைகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஒரே மல்பெரித் தழை.
ஒரு ஜாதிப் புழு வெள்ளையாய்க் கட்டும்,
இன்னொன்று மஞ்சளாய்.
விலை குறைத்துக் கேட்பார்கள், அது வேறு.
ஆனால் மஞ்சள் கட்டிய புழுவிடம்
நீ சரியாய்த் தின்னவில்லை என்று
மண்டியில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இப்போது இன்னொரு குழலும் சேர்ந்திருக்கிறது, பச்சை மூடி.
பாதி நாள் கேட்கிறது.
கேட்காத நாளில் மூட்டைகளுக்குப் பின்னால்
உட்கார்ந்துகொள்கிறேன்.
தம்பி தராசை அப்படியே விட்டு வருகிறான்.
எப்படி இழுப்பதென்று சொல்வதில்லை.
விரல்களை மடக்கிக்கொண்டே போகிறான்,
ஏழு, எட்டு,
ஒன்பதில் நான் இருமினால்
அங்கேயே நிறுத்தி வைக்கிறான்.