முந்தி வந்த வயது

பாடாங் செராய் என்றால்
எலுமிச்சைப்புல் திடல் என்று அர்த்தமாம்.
தாடையில் சோப்பு நுரையோடு
பாக் சமாட் சொன்னார்.
இரண்டு வருஷமாகத் தேடிவிட்டேன்,
கண் போகிற தூரமெல்லாம் செம்பனைதான்.
ஒரே ஒரு தூர் எலுமிச்சைப்புல்
முடிதிருத்தக் கடையின் பின்வாசலில்,
பெயின்ட் டின்னில், நான் நட்டது.
ஊர்ப்பெயர் பொய்யாகிவிடக் கூடாதே என்று.

இங்கே யாரும் 'சாப்பிட்டாச்சா' என்பதில்லை,
'பசியாறிட்டிங்களா' என்கிறார்கள்.
வந்த புதிதில்
என் பசி இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று
கூச்சமாக இருக்கும்.
இப்போது அந்தக் கேள்விக்காகவே
ஷட்டரைச் சீக்கிரம் தூக்குகிறேன்.
ஜெகதீசன் லோரியிலிருந்தபடி கேட்பார்,
பதிலுக்கு நிற்கமாட்டார்.
பனங்குலை ஏற்றிய வண்டிக்கு
எங்கள் கடைவாசலில் என்ன வேலை?
பதில் என்னிடமே தங்கிவிடும்.
அதை வைத்துக்கொண்டு
மதியம்வரை முடி வெட்டுவேன்.

நேற்று இரவு பன்னிரண்டுக்கு
சுபிக்ஷாவுக்கு எட்டு வயது ஆனது.
இங்கே ஆனது.
அறந்தாங்கியில் அப்போது மணி ஒன்பதரை.
அவளுக்கு ஏழுதான்.
ஏழு வயதுக்காரியாகவே
பல் தேய்க்காமல் ஏமாற்றி,
அம்மாவிடம் வசமாக மாட்டி,
அழுதுகொண்டே தூங்கியிருக்கிறாள்.
எட்டு வயது மட்டும்
தனியாகக் கிளம்பி வந்து
என் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

விலைப்பலகையைப் பார்த்தேன்.
ஏழு வயதுவரை எட்டு வெள்ளி,
அதற்கு மேல் பன்னிரண்டு.
இனி குறுக்குப் பலகையும் கிடையாது,
கால் எட்டும்.

இரண்டரை மணி நேரம்
அவளுடைய வயது என் பொறுப்பில்.
சும்மா வைத்திருக்க மனசு வரவில்லை.
ஈரச் சாலையைக் கடந்து
பெட்ரோல் நிலையத்துக்குப் போனேன்.
பிறந்தநாள் கேக் இல்லை,
பாண்டான் கேக் பொட்டலம் இருந்தது,
பச்சையாக, ஓரம் நசுங்கி,
ஒரு வெள்ளி எண்பது காசு.

கல்லாவில் ஹஸ்லிண்டா
கொட்டாவியோடு காசை எண்ணினாள்.
எனக்குத் தெரிந்த மலாயை எல்லாம் திரட்டி
'அனாக், லாப்பான் தாஹுன்' என்றேன்.
பிள்ளையைத் தேடி
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.
யாருமில்லை.
ஃபோனில் படத்தைக் காட்டினேன்,
கடிகாரத்தைக் காட்டினேன்,
விரலால் கடலைத் தாண்டிக் காட்டினேன்.
எது புரிந்ததோ,
பொட்டலத்தைப் பிரித்து வைத்து
விற்பனைக்கிருந்த லைட்டர் ஒன்றை எடுத்தாள்.

'ஏய்!' என்று ஓடி வந்தார்
காவல்காரர் தில் பகதூர்.
பெட்ரோல் நிலையம்.
தீ கூடாது.
மூன்று பேரும் அந்தக் கேக்கைப் பார்த்தபடி
திருடர்கள் மாதிரி நின்றோம்.

பிறகு அவள் ஃபோனில் டார்ச்சைப் போட்டு
கேக்குக்குப் பின்னால் பிடித்தாள்.
நான் ஊதினேன்.
ஊதிய அதே நொடியில்
அணைத்தாள் பாருங்கள்,
ஒரு நொடி முந்தவில்லை, பிந்தவில்லை.
தில் பகதூர் கைதட்டினார்,
தட்டிவிட்டு
முதலாளி கேமரா இருக்கிற மூலையைப் பார்த்தார்.

இரண்டரைக்குத்தான் படுத்தேன்.
வயதை அவளிடம் அனுப்பிவிட்டு.

காலையில் லோரி வந்தது.
வழக்கமான கேள்வி.
சீப்பும் கையுமாகப் பின்னால் ஓடி
'ஆறியாச்சு! ஆறியாச்சு!' என்று கத்தினேன்.
ஜெகதீசன் பயந்துபோய் பிரேக் போட்டார்,
ஒரு குலை கீழே விழுந்தது.

ஒன்பதரைக்கு ஃபோன்.
'அப்பா, எனக்கு எட்டு வயசு, தெரியுமா?'
'அப்படியா!' என்றேன்.
எப்போதாம்?
பாதி மழித்த கன்னத்தோடு
பாக் சமாட்
கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.