மூன்றாம் பிரதிவாதி

ஓட்டுப்பட்டறை இறக்கத்தில்
நான் விழுந்த இடம்
கோர்ட்டுக் காகிதத்தில் 'சம்பவ இடம்' ஆனது.
அதற்குமுன் அதற்குப் பெயர் கிடையாது.
மருந்துக்கடை தாண்டி, முட்டைக்காரர் வண்டிக்கு எதிரே
என்போம், அவ்வளவுதான்.

பிலோமினா, பிலோமினா, பிலோமினா
என்று டவாலி மூன்று முறை கூப்பிட
கம்பு ஊன்றிக் கூண்டேறினேன்.
வர்க்கித் தட்டு தலையிலா இடுப்பிலா,
செருப்பு என்ன விலை,
எல்லாம் கேட்டார்கள்.
குனிந்து பார்த்து நடக்கவில்லையா அம்மா?
பார்த்தேன் ஐயா. பனிதான் தெரிந்தது.

மேட்டுப்பாளையத்து வக்கீல் பாய்ந்து எழுந்தார்:
பனிமூட்டம் இறைவன் செயல்,
என் கட்சிக்காரர் செயல் அல்ல.

வாக்கப்பட்டு மலையேறி இருபத்தாறு வருஷம்.
நாலு மணிக்குப் பனி வரும்,
நாலரைக்குக் கோத்தகிரி பஸ் வரும்.
பஸ்ஸாவது சில நாள் வராது.

சாக்கடை மூடி
வாய்தாவுக்கு வாய்தா வேறு வேறு ஆளால் உடைந்தது.
முதலில் கேரட் லாரி.
அப்புறம் குடிநீர்க் குழாய் பதித்தவர்கள்.
கடைசியில், சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல்,
காட்டெருமை.
இரவில் ஊருக்குள் வருகிறது கனம் கோர்ட்டார் அவர்களே,
எடை ஆயிரம் கிலோ.
அப்படியானால் அதை மூன்றாம் பிரதிவாதியாகச் சேர்ப்போமா
என்றார் எங்கள் பெள்ளிராஜ் வக்கீல்.
நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.
சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய அமீனா மட்டும்
சிரிக்கவில்லை.

நகராட்சி ஒப்பந்தத்தைக் காட்டியது.
ஒப்பந்தக்காரர் தேதியைக் காட்டினார்:
குறைபாட்டுக்குப் பொறுப்பு ஓராண்டு,
மே முப்பத்தொன்றோடு சரி.
நான் விழுந்தது ஜூன் இரண்டு.
முப்பத்தொன்று ஞாயிறு, பேக்கரி லீவு.
வீட்டில் போர்வை அலசிக்கொண்டிருந்தேன்,
தெரிந்திருந்தால் வந்து விழுந்திருப்பேன்.

அன்று மேசைமேல் இரண்டை வைத்தார்கள்.
சான்றுப் பொருள் ஒன்று, உடைந்த மூடியின் துண்டு.
சான்றாவணம் ஏழு, என் கணுக்கால் எக்ஸ்ரே.
துண்டின் உடைந்த வாயில்
ஜல்லி, மண், பாதி பீடி.
கம்பி இல்லை.
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் பெள்ளிராஜ்.
வெள்ளையாய் ஒரு தகடு, ஆறு திருகு.
அளவுப் புத்தகத்தில் எழுதிய இரும்பு
இதோ, இங்கே இருக்கிறது.

நோட்டீஸ் போன ராத்திரியே புது மூடி போட்டிருந்தார்கள்.
பொறுப்பில்லாதவர் எதற்குப் போட்டார்?
அதற்கு மட்டும் வாய்தா கேட்கவில்லை.

வராந்தாவில் ஒப்பந்தக்காரர் திருமலைராஜ்
டீ வாங்கிக் கொடுத்தார். வேண்டாமென்று சொல்ல வரவில்லை, குளிர்.
பதினெட்டு பர்சன்ட் குறைச்சுப் போட்டாத்தாம்மா டெண்டர் விழும்,
சிமெண்ட் குறைச்சா கண்ணுக்குத் தெரியும்,
கம்பி உள்ளேதானே இருக்கு.
அவர் பார்வை என் காலுக்குப் போனது.
அங்கும் உள்ளேதான் இருந்தது.

தீர்ப்பு: ஒப்பந்தக்காரரும் நகராட்சியும் எண்பது.
தினம் நடக்கிற வழியில் கவனமின்மை, நான் இருபது.
பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
ஐந்தில் ஒன்று.
சுண்டுவிரலை விட்டுக்கொடுத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் பனிக்குள்ளிருந்து வந்து
புது மூடிமேல் நின்றது ஒரு காட்டெருமை,
யாரோ கொட்டிய முட்டைக்கோஸ் இலையை மென்றபடி.
மூடி அசையவில்லை.
முட்டைக்காரர் வண்டிக்குப் பின்னால் நானும் அசையவில்லை.
அது போனபிறகும்
மூடியைச் சுற்றி, ரோட்டில் இறங்கித்தான் நடந்தேன்;
ஜீப்காரன் திட்டிவிட்டுப் போனான்.

பக்கத்தில் பார்த்துவிட்டேன் என்பதால் சொல்கிறேன்:
ஆயிரம் கிலோ எல்லாம் இருக்காது.
எழுநூறு இருக்கும்.