கிணற்றிலிருந்து நாற்பத்தேழு அடி

நாடாவின் ஒரு நுனியைக் கிணற்றுக் கட்டில் வைத்து
என்னைப் பிடிக்கச் சொன்னார் பீ.எச்.ஐ.
மறுநுனியோடு பின்வேலிவரை போய்
குந்தியிருந்து பார்த்தார்.
நாற்பத்தேழு.
மலக்குழிக்கு ஐம்பது வேணும் அக்கா.

மூன்றடி.
மனையாவெளியில் பதினொரு பேர்ச் காணிக்குள்
எங்கே தேடுவது மூன்றடியை?
கிணற்றைத் தள்ளிவைக்க ஏலாது.
வேலிக்கு அங்காலே திலகேஸ்வரியின் கோழிக்கூடு.
பிளானைத் திருப்பிப் போட்டோம்.
குசினி கீறிய இடத்தில் கக்கூஸ்,
கதவு கீறிய இடத்தில் குசினி,
கடல் பார்த்த பக்கம் யன்னலில்லாத முழுச் சுவர்.
ஒரே யன்னல் மேற்கே.

இவருடைய சேமலாப நிதி
மணலாய் வந்து படலையடியில் இறங்கியது,
பிறகு கம்பியாய்,
மழைக்குமுன் மூடவேண்டிய சீமெந்துப் பைகளாய்.
நான் கொப்பியில் எழுதினேன்:
அனெக்ஸ், ஒன்று. வாடகை இருபத்தையாயிரம்.
பன்னிரண்டால் பெருக்கினால் மூன்று இலட்சம்.
ஆறு வருடத்தில் போட்ட காசு கைக்கு வரும்,
ஏழாம் வருடம் தொட்டு எல்லாம் லாபம்.
கொப்பிக்குள் மழை பெய்வதில்லை.
கொப்பிக்குள் கம்பி விலை ஏறுவதில்லை.

அத்திவாரம் வெட்டிய கிழமை
விடியப்புறம் குழிக்குள் ஒரு மான் நின்றது,
கோட்டைப் பக்கமிருந்து குப்பை மேய வருகிற
புள்ளி மான்களில் ஒன்று.
சாக்கை வயிற்றுக்குள் கொடுத்துத் தூக்கினார்கள்
இவரும் மேசன் நசுறுதீனும்.
அது உதைத்ததில் இவருக்கு முழங்கால் வீங்கியது.
'முதலாவது குடி வந்திட்டுது' என்றார் நசுறுதீன்,
கிண்ணியாவிலிருந்து கட்டிவந்த சோற்றை அவிழ்த்தபடி.
'அட்வான்ஸ்தான் தரயில்ல.'

பதினெட்டு இலட்சம் இருபத்தாறாய் முடிந்தது.
மிச்சத்துக்கு வங்கி; வங்கிக்கு என் காப்புகள்.

இரண்டாவது குடி, லோகப்பிரியா,
ஹற்றனிலிருந்து இடமாற்றத்தில் வந்த பிள்ளை.
குளிருக்குப் பிறந்த உடம்பு.
வைகாசியில் கச்சான் காற்று
மேற்கு யன்னலால் அடுப்பு வாய்போல ஊதியது.
கடல் நூறு யார் தூரத்தில்தான்,
சுவருக்குப் பின்னால்.
'அன்ரி, இரவில தலையணையும் சுடுது' என்றாள்.
நாலாம் மாதம் திறப்பைத் தந்துவிட்டுப் போனாள்,
இரண்டு அறை தள்ளி மலிவான இடத்துக்கு அல்ல,
கூடக் காசு கொடுத்து.

மூன்று மாதம் அனெக்ஸ் சும்மா கிடந்தது.
தவணை சும்மா கிடக்கவில்லை.

உப்புவெளியில் சுழியோடப் பழக்குகிற ஒருவர்
மனைவியோடு பார்க்க வந்தார்.
உள்ளே போனார், வியர்த்தார், வெளியே வந்தார்.
பிறகு எங்கள் வீட்டைக் காட்டிக் கேட்டார்:
அது வாடகைக்கு வருமா?
அறுபத்தைந்து தரலாம்.

நானும் இவரும் ஆளையாள் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்
யாராவது ஒருவர் இல்லையென்று சொல்லியிருப்போம்.

கட்டில், பிறிஜ், சாமிப்படங்கள்,
இவருடைய இரண்டு நாற்காலிகளில் ஒன்று.
முப்பத்தொரு தரம் நடந்தோம் அந்த முற்றத்தை.
நான் கொப்பியில் எழுதினேன்:
முன்வீடு, அறுபத்தைந்து.
அனெக்ஸ், குடியிருப்போர்: நாங்கள்.
வாடகை என்ற கட்டத்தில் என்ன போடுவது?
ஒரு கோடு போட்டேன்.

நேற்று நசுறுதீனைக் கூப்பிட்டோம்.
கிழக்குச் சுவரில் பென்சிலை வைத்துக்கொண்டு
எவ்வளவு அகலம் என்றார்.
மூன்றடி என்றேன்.
லின்டல், கிறில், பூச்சு எல்லாம் சேர்த்து
ஐம்பதுக்குக் கிட்ட வரும் என்றார்.
அதையும் எழுதினேன்.

பின்னேரம் படலைக்கு மான் வந்தது,
வழக்கமான நேரம், வழக்கமான தலையசைப்பு.
முன்வீட்டு மனிதர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.
பூசணித் தோல் நிறைந்த சட்டியோடு
பக்கப் பாதையில் நிற்கிறேன்.
முற்றத்தைத் தாண்டலாமா,
கேட்டுவிட்டுத் தாண்ட வேண்டுமா?
உடன்படிக்கையில் அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை.
மான் என்னைத்தான் பார்க்கிறது.